இடுப்பில் தங்கிப்போன நாலு கிலோ

நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரண்டு வாரமும், தர்காவில் சந்தனக்கூடு நெருங்கும் நாட்களும் ஏர்வாடியில் தையல்காரிக்குத் தூக்கம் இல்லாத காலம். புதுத் துணியோடு வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், பழைய ப்ளவுஸையும் சுடிதாரையும் பிரித்து விடச் சொல்லி வருகிறவர்கள் இன்னொரு பக்கம். என் வீட்டு முன்னறையில் இந்த இரண்டாவது கூட்டம்தான் எப்போதும் பெரிது.

தையல் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ப்ளவுஸின் பக்கவாட்டில் நாங்கள் ஒரு தையலோடு நிறுத்துவதில்லை. அரை விரல் இடைவெளியில் இரண்டு, மூன்று தையல் ஓட்டி, உள்ளே கொஞ்சம் துணியும் விட்டு வைப்போம். கல்யாணத்துக்குத் தைத்த ப்ளவுஸில் தலைப்பிள்ளைக்குப் பிறகு உள்தையல் ஒன்று பிரியும். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இன்னொன்று. அதற்கு மேல் பிரிக்கத் துணி இருக்காது.

என்னிடம் பழைய அளவு நோட்டுகள் இருக்கின்றன. ஒரே பெண்ணின் அளவு பல வருடங்களுக்கு அடுத்தடுத்து எழுதியிருக்கும். அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பிள்ளை பால் மறந்த பிறகு கைச்சுற்று பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. மார்பளவும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. சுடிதாருக்கும் உள்பாவாடைக்கும் எடுக்கும் வயிற்றளவு மட்டும் வருவதில்லை. முதல் பிள்ளைக்குப் பிறகு இரண்டு இஞ்ச் கூடி நிற்கும், மூன்றாவதுக்குப் பிறகு நாலு இஞ்ச். "எல்லாம் எறங்கிருச்சு லாத்தா, இந்த நாலு கிலோதான் மசிய மாட்டேங்குது" என்று சொல்லாத பெண் குறைவு.

எங்கள் ஊரில் இது வெளியே தெரிவதும் இல்லை. அபாயா தளர்வான உடை, எத்தனை இஞ்ச் கூடினாலும் அது காட்டிக்கொடுக்காது. கணவன் சபுரில், அதாவது வெளிநாட்டில், இருக்கிறார். சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். அந்த இடைவெளியில் அவள் உடம்பில் நடக்கும் மாற்றம் அவளுக்குத் தெரியும், அடுத்தபடியாக இஞ்ச் டேப் பிடிக்கும் எனக்குத் தெரியும். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. அதன் பிறகுதான் இந்த இடுப்பைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கவும், மருத்துவர்களிடமும் நர்சுகளிடமும் கேட்கவும் தொடங்கினேன். அழகைப் பற்றிய பேச்சாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளும்வரை எந்தப் பெண்ணும் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ள மாட்டாள் என்று நம்புவதால் எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் பன்னிரண்டு கிலோ கூடிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் பிள்ளை மூன்று கிலோ. நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கிட்ட, பனிக்குட நீர் ஒரு கிலோவுக்குக் கிட்ட. பெரிதான கர்ப்பப்பை ஒரு கிலோ. கூடுதல் ரத்தம், உடம்பில் தேங்கிய நீர், மார்பின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்து மூன்று, மூன்றரை. மிச்சம் மூன்று கிலோவுக்கு மேல் கொழுப்பு. பிரசவ மேசையை விட்டு இறங்கும்போதே ஐந்து, ஆறு கிலோ போய்விடும். அடுத்த ஓரிரு வாரத்தில் நீர் வற்றும். ஒரு கிலோ இருந்த கர்ப்பப்பை ஆறு வாரத்தில் அறுபது எழுபது கிராமுக்குச் சுருங்கிவிடும். இதெல்லாம் நாம் எதுவும் செய்யாமல் தானே நடப்பவை. கடைசியில் நிற்பது அந்தக் கொழுப்புதான். அது தவறி வந்து சேர்ந்ததல்ல. நாளைக்குத் தாய்க்குச் சோறு கிடைக்காமல் போனாலும் பிள்ளைக்குப் பால் நிற்கக் கூடாது என்று உடம்பு எடுத்து வைத்த இருப்பு அது. அதை எளிதில் விடாமல் இருப்பதும் அதனால்தான்.

அந்த இருப்பை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பார்த்தால், முதல் நாற்பது நாள் இருக்கிறதே, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். பிள்ளை பெற்றவளைத் தாய் வீட்டில் உட்கார வைத்து, மருந்து இடித்துக் கிண்டி, பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பால் சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டு செய்து, காரல் மீனில் ரசம் வைத்துக் கொடுத்து, நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றும் வரை யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடாத வழக்கம் எவ்வளவு பெரிய நன்மை! சுறாவும் காரலும் நல்ல புரதம். ஓய்வு அவளுக்கு உரிமை. சிக்கல் நாற்பது முடிந்த பிறகுதான். கருப்பட்டியும் நெய்யும் தேங்காய்ப்பாலும் நாற்பதோடு நிற்பதில்லை. மாமியார் வீட்டுக்குத் திரும்பும்போது தூக்குவாளியில் மருந்து கூடவே வரும். பார்க்க வருகிறவர்கள் தொதலும் வட்டிலாப்பமுமாக இனிப்பு கொண்டு வருவார்கள். நம் முந்தைய தலைமுறைப் பெண்கள் நாற்பது கழிந்ததும் உரலுக்கும் கிணற்றுக்கும் போனார்கள். இப்போது மிக்ஸியும் மோட்டாரும் இருக்கின்றன. சாப்பாடு அப்படியே இருக்கிறது, வேலை மாறிவிட்டது.

பால் கொடுப்பவளுக்குக் கூடுதல் சாப்பாடு வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதல் ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதத்துக்கு 520 கலோரியும் கூடுதலாகச் சொல்கிறது. அது கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. நான் பார்த்தவரை அந்த நாலு கிலோவின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளை ஒன்றரை வயதில் சோறு தின்னப் பழகிவிடுகிறது, பால் குறைகிறது, பிறகு நிற்கிறது. ஆனால் தாயின் தட்டு பால் கொடுத்த காலத்துத் தட்டாகவே இருக்கிறது. பசியும் அந்தக் கணக்குக்குப் பழகிவிட்டது. போதாக்குறைக்குப் பிள்ளை வைத்த மிச்சம் வேறு. அரை இட்லி, நாலு வாய் நெய்ச்சோறு, கடித்துப் போட்ட பிஸ்கட். உணவை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மிச்சம் எல்லாம் தாயின் வாய்க்குத்தான் போகிறது, எந்தக் கணக்கிலும் சேராமல்.

இனி அந்த நாலு கிலோவின் கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாலு கிலோ என்றால் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு நாளைக்கு 250 கலோரி குறைத்தால் நாலு மாதம் ஆகும். உண்மையில் இன்னும் கூடும், ஏனென்றால் எடை குறையக் குறைய உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியைக் கூட்டும். முதல் எட்டு கிலோ போன வேகத்தில் கடைசி நாலு போகாததற்கு இதுவும் ஒரு காரணம். அவளுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த 250 கலோரி நம் சமையலறையில் எங்கே இருக்கிறது? கைநிறைய அள்ளி வைக்கும் இருநூறு கிராம் சோறு. அல்லது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டால் நாற்பது கலோரி. நாலு டீ குடிக்கிறவளுக்குச் சர்க்கரையிலேயே 160. நமக்கு விருந்தாளி வராத நாள் இல்லை, வருகிற ஒவ்வொருவரோடும் ஒரு டீ. பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் செலவு இன்னும் சுருங்கும். பால் கொடுப்பவள் நிதானமாகத்தான் குறைக்க வேண்டும். கூடுதல் எடை கொண்ட, பால் கொடுக்கும் தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. உணவைக் கட்டுப்படுத்தி, உடற்பயிற்சியும் செய்து, வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறைத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு வளர்ச்சியில் எந்தக் குறையும் வரவில்லை. வாரத்துக்கு அரைக் கிலோ என்பதை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எடையோடு சேர்த்துப் பேசுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட, பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதும் ஐந்து கிலோ மிஞ்சி நிற்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது. இனிப்பும் பொரித்ததும் கைக்கு எட்டும் நேரமும் அதுதான். எங்கள் ஊரில் ராத்திரி பிள்ளைக்காக எழுந்தவள் விடிகாலைச் சுபுஹு பாங்குக்கு எழுவாள், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகும் மூத்த பிள்ளைகள், பிறகு சமையல். பகலில் ஒரு மணி நேரம் கண் அசந்தால்கூட "பொம்பளைப் புள்ள பகல்ல தூங்குறதா" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்குக் கொடுப்பது எந்த உணவுக் கட்டுப்பாட்டுக்கும் குறைந்ததல்ல.

வயிறு முன்னால் தள்ளி நிற்பதெல்லாம் கொழுப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். அளவெடுக்கும்போது எனக்கு விளங்காமல் இருந்த விஷயம் இது. கையும் முகமும் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் நாலு மாதம் போல நிற்கும். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன. பிள்ளை வளரும்போது அவற்றுக்கு நடுவில் உள்ள இணைப்பு விரிந்து, தசைகள் விலகி நிற்கும். பலருக்குச் சில மாதங்களில் சேர்ந்துவிடும், சிலருக்கு வருடக்கணக்கில் விலகியே இருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இறங்கினால் தசை விலகல் இருக்கலாம். அப்படி இருப்பவர்கள் யூடியூபைப் பார்த்துப் படுத்து எழும் பயிற்சியை வேகவேகமாகச் செய்யக் கூடாது. வயிறு கூடாரம் போலப் புடைத்தால் நிறுத்திவிட வேண்டும். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளிழுப்பது, படுத்தபடி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது, சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடுவது இவற்றில் தொடங்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறையாவது காட்டுவது நல்லது. வயிற்றில் துணி கட்டுவது தாங்கலாக இருக்கும், இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும். கொழுப்பை அது கரைக்காது, தசையையும் ஒட்ட வைக்காது.

ஆபரேஷன் ஆன வயிறு என்று பயந்து வருடக்கணக்கில் குனிந்து நிமிராமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன். பாதித் தாய்மார்கள் பயந்து உட்கார்ந்தால் என்ன ஆவது? ஆறு வாரப் பரிசோதனையில் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நடையும் மெல்லிய பயிற்சியும் காயத்தைக் கெடுப்பதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனால் உடம்பு போட்டுவிட்டது என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. குழாயைக் கட்டுவதால் ஹார்மோன் மாறுவதில்லை, அதனால் எடையும் கூடுவதில்லை. அந்த ஆபரேஷன் பொதுவாகக் கடைசிப் பிள்ளையோடு வருவதால் பழி அதன் மேல் விழுகிறது. ஆனால் அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி சிலருக்கு எடையைக் கூட்டும் என்பது உண்மை. அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறலாம். தைராய்டு கோளாறும் பிரசவத்துக்குப் பிறகு தலைகாட்டும். முடி கொட்டுவதும் அசதியும் எல்லாத் தாய்மார்களுக்கும் இருப்பதால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

நம் உடம்பு வெள்ளைக்காரர்களின் உடம்பு மாதிரி இல்லை. 2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று லான்செட் இதழில் வெளியானது. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே அளவு, 22.3. பார்க்க இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தராசு ஒன்றைச் சொல்கிறது, உள்ளே வேறொன்று இருக்கிறது. அந்தக் கொழுப்பு நமக்கு வயிற்றில், ஈரலையும் குடலையும் சுற்றித் தங்குகிறது. இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுப்பது அதுதான். எனவேதான் இந்தியர்களுக்கு வரம்பையே கீழே இறக்கியிருக்கிறார்கள். பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே கூடுதல் எடை. பெண்ணுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. என் டேப்பில் அது முப்பத்தொன்றரை இஞ்ச்.

என் நோட்டைத் திறந்து பார்த்தால் இரண்டு பிள்ளை பெற்ற பெரும்பாலானவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்கதை மட்டுமல்ல இது. தமிழ்நாட்டில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்ட அல்லது தாண்டிய பெண்கள் 2015-16இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். இந்தியா முழுமைக்கும் அந்த எண் 24தான். சென்னை மருத்துவர் வி. மோகனும் மற்றவர்களும் இந்தியா முழுவதும் நடத்திய பெரிய நீரிழிவு ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், தமிழகத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேர்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று பல பத்தாண்டுகள் போராடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்ற எளிய முறையைக் கிராமத்துச் சுகாதார நிலையம் வரை கொண்டுபோனவர். 2007இல் தமிழக அரசு இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கியது. அவர் பிறந்த மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஆனால் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் அதே குளுக்கோஸ் தண்ணீரை மறுபடி குடித்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என்னிடம் வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடத் தேதி தவறாமல் போகிறார்கள். அதே கட்டடத்தில் தனக்கு ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டு வரத் தோன்றுவதில்லை.

டேப்பை எங்கே வைப்பது என்று சொல்கிறேன். உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் இல்லை. கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், பிறகு பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தடவுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் இறங்காமல் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். வயிற்றை எக்காதீர்கள். மூச்சை இயல்பாக விட்டு, விட்ட நிலையில் அளவைப் பாருங்கள். துணிக்கு மேல் எடுத்த அளவு செல்லாது. மாதம் ஒருமுறை போதும். தினமும் தராசில் ஏறி மனதைக் கெடுத்துக்கொள்வதைவிட இது நல்லது. மாதவிலக்கு நேரத்தில் நீரால் மட்டுமே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும், டேப் அவ்வளவு அலைக்கழிக்காது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். கடல் வாசலில் இருக்கிறது. சூடை, நெத்திலி, காரல் என்று விலை குறைந்த மீனிலேயே நூறு கிராமுக்குப் பதினெட்டு, இருபது கிராம் புரதம் கிடைக்கும். இந்தியர்களின் சாப்பாட்டில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கலோரி சோறு, மாவு, சர்க்கரையிலிருந்தே வருகிறது என்று மோகனின் குழு 2025இல் கணக்குச் சொன்னது. நம் வீட்டில் மீன் தொட்டுக்கொள்ளும் பொருளாக இருக்கிறது, அதிலும் நல்ல துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். கடைசியில் உட்காரும் தாய்க்குக் குழம்பும் சோறும்தான். இதை மாற்றினாலே போதும். முதலில் மீனும் காயும் தட்டில் விழட்டும், சோறு அதற்குப் பிறகு வரட்டும். முருங்கைக்கீரை வீட்டுக்கு வீடு நிற்கிறது. பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன். தேங்காய்ப்பால் கறியும் நெய்ச்சோறும் வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும். தொதலை நான் விடச் சொல்ல மாட்டேன், கீழக்கரைத் தொதலை விட்டால் வாழ்க்கையில் என்ன மிச்சம்? விருந்தாளி வந்தால் ஒரு துண்டு. பெட்டியை மட்டும் அடுப்படியில் கைக்கெட்டும் தட்டில் வைக்காதீர்கள். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று நினைத்து டீயில் அள்ளிப் போடுவதும் வேண்டாம், கலோரியில் அதுவும் சர்க்கரைதான்.

நோன்பில் இறங்கிவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. பால் கொடுப்பவளுக்கு நோன்பில் சலுகை இருக்கிறது, பிறகு வைத்துக்கொள்ளலாம். வைப்பவர்களுக்கும் ஓரிரு கிலோ இறங்கி, பெருநாள் கழிந்த சில வாரத்தில் திரும்பிவிடுகிறது. நோன்புக்கஞ்சி நல்ல உணவு. அதற்குக் கூட வரும் வடையும் சமோசாவும் ரோஸ் சர்பத்தும்தான் கணக்கைக் குலைக்கின்றன.

பவுடர், டீ, மாத்திரை என்று வாட்ஸப்பில் விற்கிறவர்கள் இப்போது நம் தெருவிலேயே இருக்கிறார்கள். உடம்பைக் குறைக்கும் டீ என்று வரும் பலவற்றில் இருப்பது நிலாவாரை, நம் மாவட்டத்திலும் நெல்லையிலும் விளையும் அதே இலைதான். வயிற்றைக் கழிய வைக்கும். தராசில் குறைவது நீர், கொழுப்பு அல்ல. பால் கொடுப்பவள் தானாக வாங்கிக் குடிக்கவே கூடாது. 2025இல் இந்தியாவுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றியும் வெளிநாட்டிலிருந்து போனில் விசாரிக்கிறார்கள். அவை அதிக உடல் பருமன் உள்ளவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரப்படுபவை. பால் கொடுப்பவர்களுக்கும் அடுத்த பிள்ளையை எதிர்பார்ப்பவர்களுக்கும் ஏற்றவை அல்ல. மிஞ்சிய நாலு கிலோவுக்கான மருந்தும் அல்ல.

பக்கத்து மீனவக் குடியிருப்புகளிலிருந்து கடல்பாசி எடுக்கும் பெண்கள் என்னிடம் துணி தைக்க வருவார்கள். மூன்று, நாலு பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் ப்ளவுஸில் தோளுக்கும் கைக்கும்தான் இடம் விட வேண்டியிருக்கும், இடுப்பைப் பிரிக்க அவர்கள் கொண்டுவந்ததாக நினைவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்கி வருகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். அந்த வேலையை நான் உயர்த்திப் பாட வரவில்லை. கால் கிழிகிறது, கண் எரிகிறது, கூலி போதாது. ஆனால் உழைக்கும் தசை உள்ள உடம்பில் பிள்ளை பெற்ற பிறகும் இடுப்பில் எடை தங்குவதில்லை என்பதை என் கையாலேயே அளந்து பார்த்திருக்கிறேன்.

நமக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பங்கு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட நடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சொல்கிறது. பிரசவம் ஆனவர்களுக்கும் அதே 150 நிமிடமும், கூடவே தசைக்கான பயிற்சியும்தான். அரை மணி நடையில் செலவாவது நூறு கலோரியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நடந்துவிட்டு ஒரு வடை தின்றால் கணக்கு தீர்ந்தது. ஆனாலும் சாப்பிட்ட பிறகு நடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்குகிறது, வயிற்றுக் கொழுப்பு குறைகிறது, ராத்திரித் தூக்கம் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தை முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது எல்லாமே தசைக்கான பயிற்சிதான். எங்கே நடப்பது என்பதுதான் எங்கள் ஊரில் கேள்வி. தர்காவில் ஜியாரத் செய்ய வரும் வெளியூர்க் கூட்டம் தெருவில், வெயில் பத்து மணிக்கே கொளுத்துகிறது, கடற்கரைக்குத் தனியாகப் போனால் பேச்சு. சுபுஹுக்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்து போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. அது முடியாதவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது, மாலையில் அஸர் தொழுதுவிட்டு மேலே போனால் காற்றும் வரும்.

இவ்வளவும் செய்து, டேப் முப்பத்தொன்றரைக்குக் கீழே நின்று, சர்க்கரையும் பிரஷரும் சரியாக இருந்து, அதற்கு மேலும் இரண்டு கிலோ போகவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய இடுப்பு திரும்ப வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. பழைய ப்ளவுஸைக் கொடுத்துவிட்டுப் புதிதாக அளவு கொடுங்கள், நன்றாகத் தைத்துத் தருகிறேன். தாண்டி நிற்பவர்களிடம்தான் நான் விடாமல் சொல்கிறேன். இப்போதெல்லாம் அளவு நோட்டில் வயிற்றளவை இரண்டு இடத்தில் எழுதுகிறேன், ஒன்று துணிக்கு, இன்னொன்று விலாவுக்குக் கீழே அவளுக்காக.

போன பெருநாளுக்கு முன் ஒரு மருமகளும் மாமியாரும் சேர்ந்து வந்தார்கள். இடுப்பளவு முப்பத்தாறு வந்தது. இரண்டாவது பிள்ளைக்குச் சர்க்கரை இருந்ததாம், அதற்குப் பிறகு பார்க்கவே இல்லையாம். நடக்கச் சொன்னேன். மாமியார் குறுக்கிட்டார்.

"அவ நடக்கப் போனா புள்ளைய யாரு பாக்குறது?"

"நீங்க பாருங்க மாமி. அரை மணி நேரந்தானே."

"எனக்கே சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டரு சொல்றாரு. நான் நடக்கவா, புள்ளையப் பாக்கவா?"

நியாயமான கேள்வி. இருவரும் சேர்ந்து நடக்கட்டும், அந்த நேரத்துக்குக் கொழுந்தியா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே பேசி முடித்தோம். மாமியார் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படியும் மாதம் ஒருமுறை போகிறார். அடுத்த முறை வெறும் வயிற்றோடு மருமகளையும் கூட்டிப்போய்க் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். குடித்த பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், பாதியில் எழுந்து வந்தால் பரிசோதனை செல்லாது, பிள்ளைக்குச் சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.